கட்டை எந்தப் பக்கம் ஓடுகிறது? மாடி மரத்தளத்தில் ஆறடி மீன் தொட்டி வைத்த பதிவு

மலேசியாவில், சுங்கை சிப்புட் ஊரில் எங்கள் கடைவீட்டின் மாடியில், பலகைத் தளத்தின் மேல், ஆறடி நீளமும் இரண்டடி அகலமும் இரண்டடி உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டி தண்ணீரோடு நிற்கிறது. தளம் மொத்தமாக இறங்கியது 2.2 மில்லிமீட்டர். முதல் மாதத்துக்குள் ஏறக்குறைய முழுவதும் இறங்கி முடிந்தது, பிறகு அளவுக்கருவியின் முள் அசையவில்லை. தோட்டத்தை விட்டு ஊருக்குள் வந்த குடும்பங்கள் பல இந்த மாதிரிப் பழைய கடைவீடுகளின் மாடியில்தான் குடியிருக்கின்றன. கீழே கடை, மேலே வீடு, நடுவில் மரத்தளம்: சுவருக்குச் சுவர் ஓடும் கட்டைகள், அவற்றின் மேல் பலகை. அதில் பெரிய தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு இந்தக் குறிப்பு உதவலாம்.

நான் செம்பனை எண்ணெய் ஆலையில் ஃபிட்டர். கட்டடம் என் தொழில் இல்லை. ஆனால் டயல் கேஜ், ரசமட்டம், பாட்டில் ஜாக் எல்லாம் கைப்பழக்கம் உள்ளவை. கணக்கைச் சரிபார்த்தது மருமகன், அக்காவின் மகன். அவன் ஈப்போவில் சிவில் எஞ்சினியர். மர வேலை, எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் முன்பு தச்சு வேலை பார்த்த ஆசாரி அண்ணன்.

ஆசை மகனுடையது. புக்கிட் மேரா ஏரி எங்கள் பேராக் மாநிலத்திலேயே இருக்கிறது, பொன்னிற அரோவானாவின் சொந்த ஊர் அது. மலாய்க்காரர்கள் கெலிசா என்று சொல்லும் மீன். இரண்டடியைத் தாண்டி வளரக்கூடியது. நாலடித் தொட்டியில் வளர்ப்பது அதற்குச் செய்யும் கொடுமை. ஆறடிக்குக் குறையக்கூடாது என்று மகன் பிடிவாதமாக இருந்தான், அது நியாயம்தான். (இது பாதுகாக்கப்பட்ட இனம். உடம்பில் சில்லு பதித்து, தாள்களோடு விற்கும் பண்ணையில் மட்டும் வாங்குங்கள்.)

முதலில் எடை. தொட்டியின் கண்ணாடி 12 மி.மீ. கனம். சதுர மீட்டருக்கு 30 கிலோ கணக்கில் கண்ணாடி 118, மேல் பட்டைகள் 12, ஆக 130 கிலோ. உட்பக்க அளவு 177.6 செ.மீ. பெருக்கல் 57.6 செ.மீ., தண்ணீர் 55 செ.மீ. உயரம், ஆக 563 லிட்டர். ஒரு லிட்டர் ஒரு கிலோ. இரும்பு ஸ்டாண்ட் 65 கிலோ, மணலும் தொட்டிக்குள் போடும் அலங்காரக் கட்டையும் 45. தொட்டிக்குக் கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டி, நாங்கள் சம்ப் என்று சொல்வது, தண்ணீரோடு 97. கூட்டினால் 900 கிலோ. கணக்குக்கு 950 என்று வைத்துக்கொண்டோம்.

மலேசியாவின் 1984ஆம் ஆண்டுக் கட்டட உபவிதிகளில் குடியிருப்புத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன் சுமை சொல்லியிருக்கிறது. கிலோவில் சொன்னால் சுமார் 150. எங்கள் தொட்டி தன் அடியில் தரும் சுமை சதுர மீட்டருக்கு 833 கிலோ. ஐந்தரை மடங்கு. இந்த எண்ணைப் பார்த்ததும் வேண்டாம் என்று விட்டுவிடத் தோன்றியது. ஆனால் அறை முழுவதையும் எடுத்தால், 16 அடிக்கு 20 அடி, அதே 150 கிலோ கணக்கில் நாலரை டன் ஆகிறது. தீபாவளிக்கு உறவுக்காரர்கள் எல்லாரும் அந்த அறையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். தளத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

மருமகனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் எடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "மாமா, கட்டை எந்தப் பக்கம் ஓடுது, ரெண்டு கட்டைக்கு நடுவுல எவ்வளவு, முனை சுவருக்குள்ள எப்படி இருக்கு? இந்த மூணையும் பார்த்துட்டு வந்து சொல்லுங்க. எடையை அப்புறம் பேசலாம்."

கட்டை ஓடும் திசையை மாடியிலேயே கண்டுபிடிக்கலாம். பலகைகள் எந்தத் திசையில் கிடக்கின்றனவோ, அதற்குக் குறுக்கேதான் அடியில் கட்டைகள் ஓடும். பலகையில் அடித்த ஆணிகள் வரிசையாக ஒரே நேர்கோட்டில் தெரியும். அந்தக் கோடுதான் கட்டை. எங்கள் வீட்டில் பலகைகள் வாசலிலிருந்து பின்புறம் நோக்கிக் கிடக்கின்றன. ஆகவே கட்டைகள் இடச்சுவரிலிருந்து வலச்சுவருக்கு, 16 அடி தூரத்தை ஒரே தாவலில் தாண்டுகின்றன. கடைவீடுகளில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ஆணிக் கோடுகளுக்கு நடுவே 18 அங்குலம்.

அளவும் தரமும் பார்க்கக் கீழே போக வேண்டும். கீழே என் மனைவியின் தையல் கடை. முன்பாதியில் சீலிங் கிடையாது, கட்டைகள் அப்படியே தெரியும். பின்பாதியில் பழைய கல்நார்த் தகடு. இதில் கவனம் வேண்டும். கல்நார்த் தகட்டை உடைக்கவோ அறுக்கவோ துளை போடவோ கூடாது, அந்தத் தூள் நுரையீரலுக்குப் போனால் வெளியே வராது. எங்களுக்குத் தேவைப்பட்ட இடம் முன்பாதியிலேயே அமைந்ததால் அதைத் தொடாமல் விட்டோம். உங்கள் இடத்தில் அதைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் அதற்கென்று உள்ள ஆட்களைக் கூப்பிடுங்கள்.

கட்டை பெயருக்கு 2 அங்குலம், 8 அங்குலம். அளந்தால் 47 மி.மீ., 192 மி.மீ. ஆசாரி அண்ணன் உளியால் ஒரு சிம்பு சீவி, முகர்ந்து, நகத்தால் அழுத்திப் பார்த்தார். "கெம்பாஸ் அண்ணே. வலுவான மரம். ஆனா கரையானுக்கு ரொம்பப் பிடிச்ச மரம்." கரையான் எளிதில் தொடாத செங்கால் மரமாக இருந்திருந்தால் நிம்மதி. வலுக் குறைந்த மெராந்தியாக இருந்திருந்தால் கணக்கை வேறு மாதிரி போட்டிருப்போம். கெம்பாஸ் என்றால் வலு பற்றிக் கவலையில்லை, கரையான் பற்றித்தான் கவலை.

மருமகன் கணக்குப் போட்டு அனுப்பினான். ஆறடித் தொட்டியைக் கட்டைகளுக்குக் குறுக்கே வைத்தால் நாலு கட்டைகள் சுமையைப் பங்கு போடும். அதே தொட்டியை அறையின் நடுவில் வைத்தால் கட்டை ஒவ்வொன்றும் ஏறக்குறைய 14 மி.மீ. வளையும். சுவரோரம் வைத்தால் ஒன்றரை மி.மீ.க்குள் அடங்கும். எடை ஒன்றே, கட்டையும் ஒன்றே. வைக்கும் இடம் மாறினால் விளைவு பத்து மடங்கு மாறுகிறது. கட்டைகள் ஓடும் திசையிலேயே தொட்டியை வைத்தால், உதாரணமாகத் தெருப்பக்க ஜன்னலோரம், மொத்த எடையும் ஒன்றோ இரண்டோ கட்டைகளின் தலையில் விழும். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பிடித்த இடம் அந்த ஜன்னலோரம்தான். வெளிச்சம் வரும், படியேறி வந்ததும் கண்ணில் படும். அதை அங்கேயே கைவிட்டோம்.

காகிதக் கணக்கை அப்படியே நம்ப எனக்கு மனம் வரவில்லை. ஆலையில் தண்டின் நேர் பார்க்கப் பயன்படுத்தும் டயல் கேஜ் என்னிடம் இருக்கிறது, நூறில் ஒரு மில்லிமீட்டர் காட்டும். கீழே கடையின் சிமெண்ட் தரையிலிருந்து ஒன்றரை அங்குல இரும்புக் குழாய் ஒன்றை நிறுத்தி, அடியில் தட்டையும் பக்கவாட்டில் இரண்டு சாய்வுக் கால்களையும் பற்றவைத்து, உச்சியில் கேஜின் காந்தப் பிடியை ஒட்டினேன். ஊசிமுனை கட்டையின் அடியைத் தொடும்படி வைத்து முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்பினேன். மேலே நாலு பேர், மொத்தம் 280 கிலோ சுமார், அறை நடுவில் நெருக்கமாக நின்றார்கள். 5.8 மி.மீ. அதே நாலு பேர் வலச்சுவரை ஒட்டி நின்றார்கள். 0.6 மி.மீ. இறங்கி நடந்ததும் இரண்டு இடத்திலும் முள் பூஜ்யத்துக்குத் திரும்பியது. அதுவும் முக்கியம். திரும்பாமல் நின்றிருந்தால் ஏதோ நழுவுகிறது, நசுங்குகிறது என்று பொருள். கேஜ் இல்லாதவர்கள் ஒரு நேரான ரீப்பர் கட்டையைக் கீழே நிறுத்தி, அதன் உச்சிக்கும் மாடிக்கட்டைக்கும் நடுவில் உள்ள இடைவெளியை மோட்டார்சைக்கிள் பட்டறையில் கிடைக்கும் ஃபீலர் கேஜால் அளக்கலாம். அரை மில்லிமீட்டர் துல்லியம் இதற்குப் போதும்.

ஆக, இடம் வலச்சுவரோரம். அடுத்த வீட்டோடு பொதுவான சுவர்.

சுவரோரம் வைக்கும்போது வளைவு குறைகிறது, சரி. ஆனால் எடை எங்கும் போய்விடவில்லை. பத்தில் ஒன்பது பங்கு அப்படியே கட்டையின் அந்த ஒரு முனை வழியாகச் சுவருக்குள் இறங்குகிறது. ஆகவே அந்த முனை கெட்டுப்போயிருந்தால் மற்றதெல்லாம் வீண். கட்டையின் நடுப்பகுதியை எல்லாரும் பார்ப்பார்கள், தட்டிப் பார்ப்பார்கள். சுவருக்குள் நுழையும் கடைசி ஆறு அங்குலத்தை யாரும் பார்ப்பதில்லை. மழைத்தண்ணீர் சுவரில் கசிந்து முதலில் தொடும் இடமும், கரையான் சுவர் வழியே ஏறி முதலில் நுழையும் இடமும் அதுதான்.

ஏணி போட்டு, நாலு கட்டைகளின் முனையையும் தட்டைத் தலை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தேன். முதல் இரண்டும் நாலாவதும் கல் மாதிரி. மூன்றாவதில் ஸ்க்ரூடிரைவர் ஒரு அங்குலம் உள்ளே போனது. சுவரிலிருந்து ஐந்து அங்குலம் வரை மேல்பாதி மெத்தென்று இருந்தது. பக்கத்தில் சுவரில் காய்ந்த மண் கோடு, பழைய கரையான் பாதை. மேலே தேடிப் போனால் காரணம் கிடைத்தது. இரண்டு வீட்டுக் கூரைகளும் சேரும் இடத்தில் உள்ள தகரக் கால்வாய் துருப்பிடித்து, அடைமழையில் சுவருக்குள் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது. கால்வாயை மாற்றினோம், கரையான் மருந்து அடிக்க ஆள் வந்தார். இந்தச் செலவைத் தொட்டிக் கணக்கில் சேர்க்கவில்லை. தொட்டி இல்லாவிட்டாலும் செய்தே ஆக வேண்டியது.

மூன்றாவது கட்டைக்கு என்ன செய்வது? முதலில் யோசித்தது, நாலு கட்டைகளுக்கும் அடியில் சுவரோடு ஒரு இரும்பு எல்-ஆங்கிள் பட்டையை முடுக்கி, முனைகளை அதன் மேல் உட்கார வைப்பது. சுத்தமான வேலை, தூண் வேண்டாம், கடையில் இடம் போகாது. 12 மி.மீ. விரிவு போல்ட்டுகள் வாங்கி, துளை போட ஆரம்பித்தோம். துளையிலிருந்து செங்கல் தூளோடு வெள்ளைச் சுண்ணாம்பு மணல் கொட்டிக்கொண்டே இருந்தது. சுவர் சுண்ணாம்புக் கலவையில் கட்டியது, சிமெண்ட் இல்லை. ஒரு போல்ட்டை முடுக்கிப் பார்த்தோம். இறுகும் என்று திருப்பத் திருப்ப அது வெளியே வந்துகொண்டிருந்தது, செங்கலே அசைந்தது. அங்கேயே நிறுத்திவிட்டு, துளைகளைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைத்தோம். பழைய கடைவீட்டுச் சுவரில் எதையும் தொங்கவிடும் எண்ணம் வேண்டாம். அந்தச் சுவருக்கு மேலிருந்து அழுத்தும் எடையைத் தாங்கத் தெரியும். பக்கவாட்டில் போல்ட்டைப் பிடித்துக்கொள்ளும் பலம் அதற்குக் கிடையாது. அது பாதிச் சுவர்தான் நமக்கு, மறுபாதி பக்கத்து வீட்டுக்காரருடையது என்பதையும் மறக்கக்கூடாது. அவர் வீட்டுக் கட்டைகளும் அதே சுவரில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

அதனால் எடையைத் தரையிலேயே கொண்டுபோய் இறக்குவது என்று முடிவு. சுவரை ஒட்டினாற்போல் ஒரு உத்திரம், அதைத் தாங்க மூன்று தூண். ஆசாரி அண்ணன், இடித்த பலகை வீடுகளின் மரம் விற்கும் இடத்தில் 4 அங்குலத்துக்கு 6 அங்குலச் செங்கால் உத்திரம் ஒன்றும், 4 அங்குலச் சதுரத் தூண்களும் எடுத்துவந்தார். பழைய செங்காலின் சிறப்பு, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடிந்திருக்கும். புது மரம் வாங்கியிருந்தால் அது காய்ந்து சுருங்கும்போது ஆப்பு தளர்ந்துபோகும். உள்ளே பழைய ஆணிகள் ஒடிந்து கிடக்கும் என்பது ஒன்றுதான் தொல்லை. ஒரு ரம்பம் பல் போனது.

உத்திரத்தின் நீளம் 7 அடி. தூண்கள் இரு முனையிலும் நடுவிலும். ஒவ்வொரு தூணுக்கும் அடியில் 10 அங்குலச் சதுர, 10 மி.மீ. கன இரும்புத் தட்டு. கடைத் தரை பழைய சிமெண்ட் தரை, எவ்வளவு கனம் என்று தெரிந்துகொள்ள ஓரத்தில் ஒரு சிறு துளை போட்டுப் பார்த்தேன், மூன்று அங்குலத்துக்குக் குறையவில்லை. நடுத்தூணுக்குத்தான் அதிகச் சுமை, தளத்தின் சொந்த எடையையும் சேர்த்தால் 700 கிலோ வரை வரலாம் என்று மருமகன் சொன்னான். அந்தத் தட்டுக்கு அது பெரிய விஷயம் இல்லை. மரம் நேரடியாகச் சிமெண்டைத் தொடக்கூடாது, ஈரம் உறிஞ்சும், கரையானுக்கும் வழி. தட்டு இரண்டையும் பிரித்துவைக்கிறது.

உத்திரத்தை ஏற்றும்போது பாட்டில் ஜாக்கைப் பொறுமையாகப் பயன்படுத்த வேண்டும். ஐந்து டன் ஜாக், சும்மா இரண்டு தடவை அழுத்தினாலே தளத்தைத் தூக்கிவிடும். மேல்மாடிச் சுவர்ப்பூச்சில் கீறல் விழும். கேஜைக் கட்டையில் வைத்து, முள் அரை மில்லிமீட்டர் மேலே அசைந்ததும் நிறுத்தினோம். அந்த நிலையில் உத்திரத்துக்கும் ஒவ்வொரு கட்டைக்கும் நடுவில் செங்கால் ஆப்புகளை எதிரெதிராக இரண்டிரண்டாகச் செருகி, சுத்தியலால் இலேசாகத் தட்டி இறுக்கி, பக்கவாட்டில் ஒரு ஆணி. ஜாக்கை விட்டதும் முள் 0.2 திரும்பி இறங்கியது. ஆப்புகள் சுமையை வாங்கிக்கொண்டன என்று அர்த்தம். மூன்றாவது கட்டையில் மட்டும், கெட்டுப்போன மேல்பாதியைச் சீவி எடுத்துவிட்டு, நல்ல மரம் இருக்கும் இடத்தில் இரு பக்கமும் இரண்டடி நீளப் பலகைத் துண்டுகளை அணைத்து, 12 மி.மீ. போல்ட் நாலு போட்டு முடுக்கினோம். ஆப்பு அந்தத் துண்டுகளின் அடியிலும் அழுத்துகிறது.

அப்புறம் ஸ்டாண்ட். தொட்டியோடு வந்தது ஆறு கால் ஸ்டாண்ட், ஒவ்வொரு காலின் அடியும் இரண்டு அங்குலச் சதுரம். 150 கிலோவை அப்படி ஒரு புள்ளியில், இரண்டு கட்டைகளுக்கு நடுவே வெறும் ஒரு அங்குலப் பலகையின் மேல் வைப்பது சரியில்லை. கட்டை தாங்கும், பலகை தாங்காது. பிளைவுட் ஒன்றை விரித்துவிட்டால் எடை பரவிவிடும் என்று பலர் சொல்வார்கள். முக்கால் அங்குல பிளைவுட் அந்தக் கட்டைகளின் விறைப்புக்கு முன் ஒரு பாய்தான். பலகைக்குக் கொஞ்சம் உதவும், கட்டைக்குக் கட்டை எடையைக் கடத்தாது. அதோடு, சிந்திய தண்ணீர் அதற்கும் பலகைக்கும் நடுவில் தேங்கி, யாருக்கும் தெரியாமல் ஊறிக்கொண்டிருக்கும். அதனால் பிளைவுட் வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

அதற்குப் பதிலாகக் கால்களின் அடியில் முன்னும் பின்னும் நீளவாக்கில் இரண்டு இரும்புச் சட்டங்களைப் பற்றவைத்தேன். அவற்றுக்கு அடியில் 3 அங்குலச் சதுரச் செங்கால் கட்டைகள் இரண்டு, ஆறடி நீளம். அந்தக் கட்டைகளும் பலகையில் முழுதாகப் படியவில்லை. ஆணிக் கோடு தெரியும் நாலு இடத்தில் மட்டும் 6 மி.மீ. நைலான் தகடு வைத்து அதன் மேல் உட்காருகின்றன. எடை நேராக மாடிக்கட்டைகளின் தலையில் இறங்குகிறது, நடுவில் உள்ள பலகைக்கு வேலையே இல்லை. அடியில் காற்று போகிறது, டார்ச் அடித்தால் சுவர் வரை தெரிகிறது.

பழைய தளம் சுவரிலிருந்து நடுவை நோக்கிச் சரிந்திருக்கும். தொட்டி வைக்கும் இரண்டடி அகலத்தில் 6 மி.மீ. சரிவு. முன்கட்டையை அந்த அளவு தடிப்பாக விட்டு, பின்கட்டையை இழைத்தோம். ரசமட்டத்தில் குமிழி நடுவுக்கு வந்தது. ஸ்டாண்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு செ.மீ. பாலிஸ்டைரின் அட்டை.

தொட்டியை மாடிக்கு ஏற்றியது தனி வேலை. மூன்றடி அகலப் படிக்கட்டில் 130 கிலோ கண்ணாடி. ஆறு பேர், கண்ணாடிக் கடையில் வாடகைக்கு எடுத்த உறிஞ்சு கைப்பிடிகள், படியின் ஓரமெல்லாம் பழைய மெத்தை.

தண்ணீர் நிரப்புவதுதான் உண்மையான சோதனை. இந்தத் தொட்டியின் அளவில் ஒரு வசதி உண்டு. உட்பக்கப் பரப்பு ஒரு சதுர மீட்டரைச் சற்றே தாண்டும். ஆகவே தண்ணீர் 10 செ.மீ. உயர்ந்தால் தளத்தின் மேல் 100 கிலோ கூடுகிறது. கண்ணாடியில் பத்து செ.மீ.க்கு ஒரு கோடு ஒட்டி, கீழே கேஜை முன்கட்டைக்கு நேர் அடியில், மூன்றாவது மாடிக்கட்டையில் பொருத்தினேன். வெறும் தொட்டியும் ஸ்டாண்டும் வைத்தபோது 0.3 மி.மீ. முதல் 10 செ.மீ. தண்ணீருக்கு 0.5. 20க்கு 0.75. அங்கே நிறுத்தி இரவு முழுவதும் விட்டோம். காலையில் 0.8. கதவுகள் வழக்கம்போல் மூடின, சுவர்ப்பூச்சில் புதுக் கீறல் இல்லை. பிறகு 30, 40, 55 என்று ஏற்றியபோது 0.95, 1.15, 1.4. மணல், கட்டை, சம்ப் எல்லாம் சேர்த்த பிறகு 1.6. படிக்குப் படி கூடிய அளவு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. அதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று ஒரு படியில் இரண்டு மடங்கு இறங்கியிருந்தால், தண்ணீரை அப்படியே வெளியே விடக் குழாய் தயாராக இருந்தது.

மரம் சுமையை வாங்கியதோடு நின்றுவிடாது. நிரந்தரச் சுமைக்கு அடியில் மெல்ல மெல்ல இன்னும் வளையும். ஒரு மாதம் கழித்து 2.1, அதற்குப் பிறகு 2.2. அங்கேயே நிற்கிறது. முன்பக்கம் இவ்வளவு இறங்கியபோது பின்பக்கம் சுவரோரம் 0.6 மட்டுமே இறங்கியதால் தொட்டி இப்போது முன்னால் ஒன்றரை மில்லிமீட்டர் சாய்ந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, கண்ணாடிக்கும் ஆபத்தில்லை. ஆனால் மறுபடி செய்தால் ஆரம்பத்திலேயே முன்பக்கத்தை ஒன்றரை மி.மீ. தூக்கிவைப்பேன்.

மாடியில் தொட்டி என்றால் எடைக்கு அடுத்த பயம் தண்ணீர். கீழே தைக்க வந்த பட்டுப் புடவைகள், ரவிக்கைத் துணிகள். எங்கள் ஊரில் மாலை இடிமழையில் மின்சாரம் போவது சாதாரணம். பம்பு நின்றதும் மேல் தொட்டியின் தண்ணீர், திரும்பும் குழாய் வழியாகவே சம்புக்கு இறங்கிவரும். குழாயின் வாய் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அவ்வளவு தண்ணீர் இறங்கும். அதைத் தடுக்க, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் 5 மி.மீ. துளை ஒன்று போட்டேன். மட்டம் அந்தத் துளைக்கு வந்ததும் காற்று புகுந்து ஓட்டம் அறுந்துவிடும். அப்படியும் 5 செ.மீ. இறங்கும், அது 51 லிட்டர். சம்ப் 90க்கு 40க்கு 40 செ.மீ., ஓடும்போது 20 செ.மீ. மட்டம். அந்த 51 லிட்டரும் சேர்ந்தால் 34 செ.மீ. வரை ஏறும், விளிம்பைத் தாண்டாது. பிளக்கைப் பிடுங்கிச் சோதித்தோம், 34க்கு ஒரு விரல் கீழேயே நின்றது. அந்தத் துளையில் பாசி அடைக்கும். தொட்டி துடைக்கும்போதெல்லாம் பல்குச்சியால் குத்திவிட வேண்டும்.

ஸ்டாண்டுக்கு அடியில், செங்கால் கட்டைகளுக்கு நடுவில், ஓரம் மடித்த துத்தநாகத் தகட்டுத் தட்டு ஒன்று. அதன் மூலையிலிருந்து ஒரு அங்குலக் குழாய், வீட்டின் நடுவே வானம் பார்த்திருக்கும் ஏர்வெல்லுக்குப் போகிறது. தட்டில் ஒரு நீர்க்கசிவு அலாரம். தொட்டியே வெடித்தால் இது போதாது, அதற்கு எதுவும் போதாது. சொட்டுச் சொட்டாகக் கசிந்து மாடிக்கட்டையை மறுபடி கெடுக்கும் தண்ணீரைத்தான் இது பிடிக்கும்.

செலவு, தளம் சம்பந்தப்பட்டது மட்டும்: பழைய செங்கால் மரம் 260 வெள்ளி (ரிங்கிட்), இரும்புத் தட்டும் போல்ட்டும் 75, ஆசாரி அண்ணனுக்குக் கூலி 360, துத்தநாகத் தட்டு 140, குழாய்கள் 60, அலாரம் 35. மொத்தம் 930 வெள்ளி. வீணான விரிவு போல்ட்டுக்கும் துளைமுனைக்கும் போனது 90. தொட்டியைப் பழையதாக ஈப்போவில் 1,300 வெள்ளிக்கு வாங்கினோம், ஸ்டாண்டை மாற்றியமைக்க இரும்பும் பெயிண்ட்டும் 450.

மறுமுறை செய்தால் வரிசையை மாற்றுவேன். தொட்டி வாங்கிய பிறகு கட்டை முனைகளைக் குத்திப் பார்த்தோம். அது தலைகீழ். முதலில் ஏணியும் ஸ்க்ரூடிரைவரும் டார்ச்சும், பிறகுதான் கடைக்குப் போக வேண்டும். சுவரில் போல்ட் போடும் எண்ணத்தைத் தொடவே மாட்டேன். ஆப்புக்குப் பதிலாகத் தூண்களுக்கு அடியில் திருகு வைத்த இரும்புக் கால் வைப்பேன், வருடம் ஒருமுறை கால் சுற்று முடுக்கினால் போதும். ஆப்பு என்றால் ஏணி போட்டுச் சுத்தியலால் தட்ட வேண்டும்.

ஒரு குறை இன்னும் இருக்கிறது. அறை நடுவில் பிள்ளைகள் குதித்தால் தொட்டியின் நீர்ப்பரப்பு நடுங்குகிறது. கட்டை 16 அடி தாண்டுவதால் நடுவில் துள்ளும், அந்தத் துள்ளல் சுவரோரம் வரை வருகிறது. மீன் அதைப் பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை, ஆனாலும் அரோவானா எகிறும் இனம், மூடியின் மேல் இரண்டு கிளிப் போட்டிருக்கிறோம்.

மகன் இப்போது ஜன்னலோரம் ஒரு நாலடித் தொட்டி கேட்கிறான். நாலுக்கு இரண்டுக்கு இரண்டு அடி என்றால் ஸ்டாண்டோடு 550 கிலோ வரும். அங்கே அது கட்டைகளின் திசையிலேயே நிற்கும், இரண்டு கட்டைகள்தான் அடியில் கிடைக்கும். அதற்கு அடியில் தூண் நிறுத்தலாம் என்றால் அந்த இடத்துக்கு நேர் கீழே அஞ்சடி, ஆள் நடக்கும் வழி, அங்கே தூண் நிறுத்தக்கூடாது. மருமகனிடம் கேட்டேன். "வேணாம் மாமா" என்றான். நாலடித் தொட்டி கீழே தையல் கடையின் பின்சுவரோரம், சிமெண்ட் தரையில் வைப்பதாக முடிவு. அதற்கு மின்சார இணைப்பு இழுக்கிற வேலை அடுத்த வாரம்.